பெருந்தொற்றுக் காலத்தில் விடுமுறைப் பயணம்: டிக்கெட் போடும் முன்பிருந்து வீடு திரும்பிய ஐந்தாம் நாள் வரை

தொற்றுக் காலத்தில் பயணம் கிளம்புகிறவர்கள் அதிகம் சறுக்குவது வேலைகளைச் செய்யும் வரிசையில்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் டிக்கெட், அடுத்து அறை, அப்புறம் போகிற இடத்து விதி, கடைசியில் நேரம் இருந்தால் காப்பீடு. இப்படிப் போனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியின் கையைக் கட்டிவிடும். பணம் கட்டியாயிற்றே என்பதற்காகவே காய்ச்சலோடு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு.

கீழே இருப்பது ஏறத்தாழ அதன் தலைகீழ் வரிசை. எண்கள் கோவிட்-19இலிருந்து எடுத்தவை. மூச்சுக்காற்றில் பரவும் வேறொரு தொற்று வந்தால் நாள் கணக்கு மாறும், வரிசை மாறாது.

1. எப்போது போகமாட்டோம் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி போதும். உதாரணமாக: கிளம்பும் முன் பத்து நாளில் யாருக்காவது காய்ச்சல், தொண்டை வலி, இருமல் வந்தால் அவரும் அவர் வீட்டில் இருப்பவர்களும் வரமாட்டார்கள். போகும் ஊரில் மருத்துவமனைச் சேர்க்கை இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் தேதி தள்ளிப்போகும். திரும்பி வருகிறவர்களுக்குத் தனிமைப்படுத்தல் கட்டாயம் என்று அறிவித்தால் ரத்து.

இதை இப்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம், பெட்டி கட்டிய பிறகு யாருடைய மூளையும் நேராக வேலை செய்வதில்லை. ‘நிலைமை மோசமானால் பார்த்துக்கொள்வோம்’ என்பது நிபந்தனையே அல்ல. எது மோசம் என்பதற்கு எண் இருக்க வேண்டும்; ரத்து என்று சொல்லும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

எந்த எண்ணைப் பார்ப்பது? தினசரித் தொற்று எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பரிசோதனை குறைந்தால் அதுவும் குறையும். பரிசோதித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தொற்று என்பது அதைவிட உண்மை பேசும். ஊரடங்கைத் தளர்த்துவதற்கு 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுகோல், இந்த விகிதம் இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. மருத்துவமனைச் சேர்க்கை நம்பகமான எண், ஆனால் தொற்று ஏறி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அது ஏறும். கழிவுநீரில் கிருமியைத் தேடும் பரிசோதனை விவரத்தை வெளியிடும் ஊராக இருந்தால் அதிர்ஷ்டம். பரிசோதனைக்கு யாரும் வராவிட்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

2. குழுவில் யாருக்கு ஆபத்து அதிகமோ அவரை வைத்துத் திட்டமிடுங்கள்

முதியவர், கர்ப்பிணி, நீரிழிவோ இதய நோயோ உள்ளவர், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர் என ஒருவர் இருந்தாலும் மொத்தப் பயணமும் அவர் அளவுக்குத்தான். ‘அவர் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கட்டும்’ என்பது நடக்காது. இரவில் எல்லோரும் ஒரே கூரையின்கீழ்தானே தூங்குகிறோம்!

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதென்றால் இந்தப் பேச்சை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஒரு குடும்பம் உணவகத்துக்கு உள்ளே உட்காரும், மற்றது உட்காராது என்றால், அந்தச் சண்டையை அங்கே போய்ப் போட வேண்டாம்.

தடுப்பூசியோ பூஸ்டரோ பாக்கி இருந்தால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். உடம்பு எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்ள அவ்வளவு நாள் ஆகும்.

3. இடத்தைவிட அங்கே என்ன செய்யப்போகிறீர்கள் என்பது முக்கியம்

திறந்தவெளியில் நடப்பதும், குளிரூட்டிய மண்டபத்தில் நூறு பேரோடு நிகழ்ச்சி பார்ப்பதும் ஒரே ஊரில் இருக்கலாம். ஆபத்தோ எத்தனையோ மடங்கு வேறு. தினத் திட்டத்தை எழுதி, கூரைக்கு அடியில் அன்னியர்களோடு கழியும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள்.

பயணிகள் கப்பல் தனி ரகம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 712 பேருக்குத் தொற்று. கப்பலில் நோய் வந்தால் பாதியில் இறங்கி வீட்டுக்குப் போக வழியில்லை. பரவல் ஏறும் மாதங்களில் கப்பல் பயணத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

இடம் முடிவாவதற்கு முன் இரண்டு கேள்வி. முழு வசதியுள்ள மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவில்? சொந்த வண்டியிலேயே ஒரே நாளில் வீடு திரும்ப முடியுமா? இரண்டாவதற்கு ‘முடியும்’ என்றால் இந்த வழிகாட்டியில் பாதிச் சிக்கல் உங்களுக்கு இல்லை.

4. மூன்று இடத்து விதிகளைப் படியுங்கள்

போகும் நாடு, விமானம் மாறும் நாடு, திரும்பி வரும் உங்கள் சொந்த நாடு. புதியவர்கள் முதலாவதை மட்டும் படிக்கிறார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிப்போகிறவர்களிடமும் சான்றிதழ் கேட்ட நாடுகள் இருந்தன. சொந்த நாடுதானே என்று விட்டுவிடவும் முடியாது: அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல் 2022 ஜூன் 12 வரை, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள், தன் குடிமக்கள் உட்பட, கிளம்புவதற்கு ஒரு நாளுக்குள் எடுத்த பரிசோதனையைக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தது.

அரசின் தளத்தில் படியுங்கள். பயண முகவர் அனுப்பும் பட்டியல் போன மாதத்ததாக இருக்கும். டிக்கெட் போடும் முன், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, 72 மணி நேரம் முன்பு, கிளம்பும் நாள் காலை என நான்கு முறை பார்க்க வேண்டும். விதி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு ஒரு சாட்சி: பிரான்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு 14 நாள் தனிமை என்று பிரிட்டன் 2020 ஆகஸ்ட் 13 இரவு அறிவித்தது. 15ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு அது அமலுக்கு வந்துவிட்டது.

5. முதலில் ரத்து விதி, அப்புறம் காப்பீடு, அதற்கும் பிறகு பணம்

‘இலவச ரத்து’ என்று எழுதியிருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தத் தேதி வரை? பணமாகத் திரும்புமா, வவுச்சராகவா? நீங்களே ரத்து செய்தாலும் இது பொருந்துமா, அவர்கள் ரத்து செய்தால் மட்டுமா? காலாவதித் தேதி போட்ட வவுச்சர் ரீஃபண்ட் ஆகாது. பதிலை எழுத்தில் வாங்கிப் படம் எடுத்து வையுங்கள்.

விமானம், அறை, வாடகை வண்டி மூன்றிலும் ரத்துக்கான கடைசித் தேதி வேறு வேறாக இருக்கும். மூன்றையும் காலண்டரில் குறித்து, முந்திவரும் தேதிக்கு இரண்டு நாள் முன்பு முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். முடிவெடுக்க வேண்டிய நாள் அதுதான், கிளம்பும் நாள் இல்லை.

காப்பீட்டில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாலிசி எடுக்கும்போதே ஊரறிந்த நிகழ்வாக இருக்கும் தொற்றுக்குப் பயந்து நீங்கள் பயணத்தை ரத்து செய்தால் சாதாரண பாலிசி பணம் தராது. ‘போகாதீர்கள்’ என்று உங்கள் அரசு எச்சரித்த இடத்துக்குப் போனால் பல பாலிசிகள் அப்படியே செல்லாமல் போகும். அதனால் பாலிசி வாசகத்தில் இவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று தேடுங்கள்: தொற்று வந்தால் மருத்துவச் செலவு, கட்டாயத் தனிமையில் தங்கும் செலவும் புதிய டிக்கெட் செலவும், நோயாளியை வேறு ஊருக்கோ சொந்த நாட்டுக்கோ கொண்டுபோகும் செலவு. நடுவில் உள்ளது பல பாலிசிகளில் இருக்காது. நோய் லேசாக வந்தாலும் கையைக் கடிப்பது அதுதான்.

எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பாலிசி சில நாடுகளில் கிடைக்கிறது. பொதுவாகக் கட்டியதில் 50 முதல் 75 சதவீதம் திரும்பும். ஆனால் முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும், பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே ரத்தும் செய்திருக்க வேண்டும். காப்பீட்டைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்களுக்கு இந்தக் கதவு மூடியிருக்கும்.

இதோடு, பத்து நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் ஆகும் செலவைக் கணக்கிட்டு ஒதுக்குங்கள். அந்தத் தொகை இல்லையென்றால் பயணத்தின் அளவைக் குறைக்க வேண்டும்.

6. அறையில் பார்க்க வேண்டியது காற்று

கட்டில் துணி மாற்றினார்களா, கதவுப்பிடியைத் துடைத்தார்களா என்று கேட்கிறவர்கள் ஜன்னல் திறக்குமா என்று கேட்பதில்லை. பரப்புகளைத் தொட்டுப் பரவுவது குறைவு. பெரும்பகுதி காற்று வழியேதான்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிராக்கி விடுகிறது. ‘ஏசி ஓடுகிறது, காற்று நன்றாக வருகிறது’ என்பது தப்புக் கணக்கு. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஜன்னல் இல்லாத ஓர் உணவகத்தில் ஏசிக் காற்று வீசிய வரிசையில் இருந்த மூன்று மேஜைகளில், மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குத் தொற்று வந்தது.

புக்கிங்குக்கு முன் கேட்க வேண்டியவை: ஜன்னல் முழுதாகத் திறக்குமா? தனி வாசலா, பொது நடை வழியா? குளியலறை பொதுவா? நமக்கு முன் இருந்தவர்கள் எப்போது காலி செய்கிறார்கள்? இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: ஒருவருக்கு நோய் வந்தால் கதவைச் சாத்திப் படுக்கத் தனி அறை இருக்கிறதா? நான்கு பேருக்கு ஒரே பெரிய கூடம் சிக்கனமாகத் தோன்றும். முதல் காய்ச்சல் வந்த இரவில் அது நான்கு பேருக்கும் ஆகிவிடும்.

உள்ளே போனதும் ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் வெளியே இருங்கள். காற்று நகர்கிறதா என்று பார்க்க ஒரு டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிக்கு நேரே பிடியுங்கள். தாள் விசிறிப் பக்கம் இழுபட்டு ஒட்டினால் அறைக் காற்று வெளியேறுகிறது என்று பொருள். தொங்கியபடி இருந்தால் விசிறி சத்தம்தான் போடுகிறது. அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து அந்த விசிறியை ஓடவிட்டால் ஒரு பக்கம் காற்று வந்து மறு பக்கம் போகும். பொது நடை வழிப் பக்கத்துக் கதவை மட்டும் திறந்து வைக்க வேண்டாம். அடுத்த அறைக் காற்றை நீங்களே வரவழைப்பீர்கள்.

கையடக்கக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் எடுத்துப்போங்கள். ஆட்கள் விடும் மூச்சு உள்ளே எவ்வளவு தேங்குகிறது என்று அது காட்டும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) போலக் காட்டும். அடைத்த இடத்தில் 800க்குக் கீழே இருந்தால் காற்றோட்டம் பரவாயில்லை. 1,500 காட்டும் உணவகத்தில் பார்சல் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். வாங்கும்போது என்டிஐஆர் வகை (அகச்சிவப்பு ஒளியால் அளக்கும்) உணரி உள்ளதாகப் பாருங்கள். மலிவு மீட்டர்கள் வேறு வாயுவை அளந்து ஊகத்தில் எண் காட்டுகின்றன.

7. போக்குவரத்து

சொந்த வண்டிதான் முதல் தேர்வு. ஒரே வீட்டார் என்றால் வேறு கவலை இல்லை. வேறு வீட்டாரும் ஏறினால் எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டு கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி, ஏசியை உள்சுழற்சியில் விடாமல் வெளிக்காற்று எடுக்கும்படி மாற்றுங்கள்.

விமானத்தில் பறக்கும் நேரத்தைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதுவே கொஞ்சம் தேவலை: கேபின் காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது, சுழலும் காற்று 99.97 சதவீதத் துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியே வருகிறது. ஏறி இறங்கும் வரிசை, வாசலில் நிற்கும் விமானம், பாதுகாப்புச் சோதனைக் கூட்டம், விமான நிலைய உணவகம் இவற்றில்தான் கவனம் வேண்டும். நிற்கும் விமானத்தில் காற்றோட்டம் குறைந்தோ நின்றோ போகலாம். ஆகவே இருக்கையில் உட்கார்ந்து, இன்னும் கிளம்பவில்லையே என்று முகக்கவசத்தைக் கழற்றிச் சாப்பிடுவது தப்பான நேரம். பறக்க ஆரம்பித்த பிறகு, பக்கத்தில் இருப்பவர் கவசம் போட்டிருக்கும்போது சாப்பிடுங்கள். ஜன்னல் இருக்கை எடுத்தால் நடைபாதையில் போகிறவர்கள் உங்களைத் தாண்ட மாட்டார்கள்.

முடிந்தவரை ஒரே விமானம். ஒவ்வொரு மாற்றமும் இன்னொரு கூட்டம், இன்னொரு விதி.

8. பரிசோதனை நேரக் கணக்கு

‘72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர்’ (கிருமியின் மரபுத்துணுக்கைத் தேடும் ஆய்வகப் பரிசோதனை) என்ற ஒரு வரியால் கோவிட் காலத்தில் விமான நிலையத்தில் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த 72 எங்கிருந்து எங்கே? தொடக்கம் பெரும்பாலும் மாதிரி எடுத்த நேரம், முடிவு வந்த நேரம் அல்ல. கணக்கு முடிவது முதல் விமானம் கிளம்பும் நேரத்திலா, கடைசி விமானம் கிளம்பும் நேரத்திலா, தரையிறங்கும் நேரத்திலா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

ஓர் உதாரணம். உங்கள் விமானம் ஞாயிறு அதிகாலை 1.30க்கு. அதிலிருந்து 72 மணி நேரம் பின்னால் போனால் வியாழன் அதிகாலை 1.30. புதன் மாலை மாதிரி கொடுத்தவர் அவுட். வியாழன் காலை 9 மணிக்குக் கொடுத்தால் சரிதானே? வழியில் மாறும் விமானம் உங்கள் ஊர் நேரப்படி ஞாயிறு பகல் 11.30க்குக் கிளம்புகிறது, விதி கடைசி விமானத்தை வைத்து எண்ணுகிறது என்றால், வியாழன் பகல் 11.30க்கு முந்திய மாதிரி செல்லாது. காலை 9 மணியும் போயிற்று. ஆய்வகம் முடிவு தர 36 மணி நேரம் எடுக்கும் என்று வைத்தால் வியாழன் பிற்பகல் 2 மணிக்குக் கொடுங்கள். சனி அதிகாலை 2க்கு முடிவு கையில், தாமதமானாலும் சனி இரவு வரை மூச்சுவிட நேரம். வெள்ளி காலை 10 மணிக்குத் தள்ளிப்போட்டவருக்கு முடிவு சனி இரவு 10 மணிக்கு வரும், விமான நிலையத்துக்குக் கிளம்பும் வேளையில். அவருக்கு அன்று இரவு நெஞ்சு படபடக்கும்.

சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மாதிரி எடுத்த தேதியும் நேரமும், பரிசோதனை வகை எல்லாம் இருக்கின்றனவா என்று ஆய்வகத்தை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறுவது நம்மவர்களுக்கு நிரந்தரத் தலைவலி.

அண்மையில் தொற்று வந்து குணமானவருக்கு ஆர்டி-பிசிஆர் 90 நாள் வரைகூடப் பாசிட்டிவ் காட்டலாம். கிருமி செத்தாலும் அதன் மரபுத்துணுக்கு மிச்சம் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ‘குணமடைந்தார்’ என்ற மருத்துவச் சான்றை அந்த நாடு ஏற்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

9. கிளம்புவதற்கு முந்திய பத்து நாள்

அடைத்த இடத்துக் கூட்டம், விருந்து, உணவகம் எதுவும் வேண்டாம். கோவிட்டின் நோயரும்பு காலம் 2 முதல் 14 நாள். பலருக்கு ஐந்து நாளுக்குள், ஓமிக்ரான் என்ற உருமாறிய வகையில் மூன்று நாள் வாக்கில் அறிகுறி வந்துவிடும். பத்து நாள் ஒதுங்கி இருந்தால் வர வேண்டியது பெரும்பாலும் வீட்டிலேயே வந்துவிடும். வழியனுப்பு விருந்து வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசி நான்கு நாளில் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையாவது, வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆன்டிஜென் கிட்டில் பாருங்கள். ஒற்றை நெகட்டிவ் போதாது. கிருமி பெருகிய பிறகுதான் அது கோடு காட்டும்.

10. பையில்

எல்லோருக்கும் என்95, கேஎன்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை முகக்கவசம், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில். வால்வு வைத்தது வேண்டாம், நீங்கள் விடும் மூச்சு வடிகட்டாமல் போகும். மூக்குக் கம்பியை ஒரு விரலால் கிள்ளினால் நடுவில் கூர்ந்து இரண்டு பக்கமும் இடைவெளி விடும். இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திவிடுங்கள். பலமாக மூச்சு விடும்போது கண்ணில் காற்றுப் பட்டாலோ கண்ணாடி மங்கினாலோ இன்னும் ஒட்டவில்லை. தாடிமேல் எந்தக் கவசமும் ஒட்டாது.

ஆன்டிஜென் கிட் ஆளுக்கு நான்கு. 2 முதல் 30 டிகிரி வரை வைக்க வேண்டியவை என்பதால் வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். கிட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்தில், படிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து வரும் மங்கல் கோட்டுக்கு அர்த்தம் இல்லை.

வழக்கமாகச் சாப்பிடும் மருந்து பயண நாட்களைவிட இரண்டு வாரம் கூடுதலாக, கைப்பையில். தெர்மாமீட்டர். 60 சதவீதமாவது ஆல்கஹால் உள்ள சானிடைசர், விமானத்துக்கு 100 மில்லிக்கு மிகாத குப்பியில். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர்: மலைக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் எல்லோருக்கும் அளந்து எழுதி வையுங்கள். உயரத்தில் ஆரோக்கியமானவருக்கே எண் குறையும், எதிலிருந்து குறைந்தது என்று தெரிய வேண்டும். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் எண்ணைக் கெடுக்கும். கருநிறத் தோலில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டவும் கூடும்.

11. ஒருவருக்குத் தொண்டை கரகரத்தால்

‘ஏசியில் படுத்ததால்தான்’ என்று சொல்லும் முன் அவரைத் தனி அறைக்கு அனுப்புங்கள். அறிகுறிக்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவும், அதனால் ஏற்கெனவே தாமதம். அந்த அறை ஜன்னல் திறந்திருக்கட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். ஒருவர் மட்டும் கவசத்தோடு சாப்பாடு கொடுக்கட்டும். எல்லோரும் கிட்டில் பாருங்கள், நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடியும்.

ஆபத்துப் பிரிவில் உள்ளவர் என்றால் அன்றே மருத்துவரை அழையுங்கள். கோவிட்டுக்கு வாயால் சாப்பிடும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் பயன். அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு அது மோதலாம். மருந்துப் பட்டியலைக் கையில் வைத்துப் பேசுங்கள். சமதளத்தில் ஆக்சிஜன் 94க்குக் கீழே போனால் தாமதிக்காமல் மருத்துவரிடம். 90க்குக் கீழே, மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு என்றால் ஆம்புலன்ஸ்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் கொடுங்கள். மருத்துவமனையில் சேரும் முன் அவர்களிடம் ஒப்புதல் கேட்கும் பாலிசிகள் உண்டு. ரசீது, பரிசோதனை முடிவு, தனிமையில் இருக்கச் சொன்ன உத்தரவு எல்லாம் தாளாக இல்லாவிட்டால் க்ளெய்ம் இழுத்தடிக்கும். வீட்டில் செய்த ஆன்டிஜென் படத்தை அவர்கள் ஏற்பது அரிது. ஆய்வகத்து முடிவு ஒன்று வாங்கி வையுங்கள்.

12. திரும்பிய பிறகு

மூன்றாம் நாளிலும் ஐந்தாம் நாளிலும் கிட்டில் பாருங்கள். அதுவரை முதியவர்களைப் பார்க்கப் போவதையும் கூட்டமான நிகழ்ச்சிகளையும் தள்ளிவையுங்கள், அலுவலகத்தில் கவசம். விடுப்பு போடும்போதே இந்த ஐந்து நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்று கேட்டு வைத்தவர்களுக்கு இது எளிது. வாங்கி வந்த பொருள்களைக் கொடுக்க வாசலில் நின்றே கொடுத்துவிட்டு வரலாம்.